நாலாவது காப்பு

என் அம்மாவின் இடதுகை ஆள்காட்டி விரலில், நகத்துக்குச் சற்றுக் கீழே, அரிசிமணி நீளத்துக்கு ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. 2020 ஏப்ரலில், சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் எங்கள் நாலறை வீட்டுக் கூடத்தில் பட்ட காயம். 80 கிராம் எடையுள்ள விளையாட்டு டிரோன் ஒன்றின் விசிறி கிழித்தது. விசிறி கிழித்தது என்றாலும் பொறுப்பு என்னுடையது. அதை எழுதி வைக்க வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிரோன் வாங்கியது 2019 தீபாவளிக்கு. மகனுக்கு அப்போது பத்து வயது. சிங்கப்பூரில் 1972-லேயே பட்டாசுக்குத் தடை வந்துவிட்டது. மத்தாப்போடு தீபாவளி முடிந்துவிடும். வேறு ஏதாவது வாங்கித் தரவேண்டும் என்று தோன்றியது. லிட்டில் இந்தியாவில் ஒளியூட்டு பார்க்கப் போன சனிக்கிழமை, தேக்காவில் சாப்பிட்டுவிட்டு அப்படியே நடந்து ஜாலான் புசார் முனையில் இருக்கும் சிம் லிம் டவருக்குள் நுழைந்தோம். மின்னணுச் சாமான், கம்பி, மோட்டார், பற்றவைக்கும் கருவி என்று எது வேண்டுமானாலும் கிடைக்கிற கட்டடம். வேலை விஷயமாக எனக்குப் பழகிய இடம். அங்கே வாங்கியதுதான் டெல்லோ. ஷென்சென் நகரத்து ரைஸ் நிறுவனம் செய்தது, பறக்கும் நுட்பம் டிஜேஐ நிறுவனத்தினுடையது. உள்ளங்கை அளவுதான். ஒருமுறை மின்னேற்றினால் 13 நிமிடம் பறக்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது.

பெட்டிக்குள் டிரோனோடு நான்கு பிளாஸ்டிக் வளையங்கள் இருந்தன. முழு வட்டம் அல்ல. ஒவ்வொரு விசிறியின் வெளிப்பக்கத்தை மட்டும் பிறைபோல் சுற்றி வளைந்தவை. அடியில் ஒரு கவ்வி. மோட்டாருக்குக் கீழே வைத்து அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். ஆணி இல்லை, திருகு இல்லை. அம்மா ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“என்னடா தம்பி இது, பச்சப் புள்ளைக்குப் போடுற காப்பு மாதிரி இருக்கு?”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குக் காப்பு என்றுதான் பெயர். மகன்கூட நண்பர்களிடம் ஆங்கிலத்தில் பேசும்போது அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழில் சொல்வான். அம்மா அறியாமல் வைத்த பெயர், அந்தப் பொருளுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

வெளியில் பறக்கவிட எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. சிங்கப்பூரில் விமான நிலையத்திலிருந்தும் ஆகாயப்படைத் தளத்திலிருந்தும் 5 கிலோமீட்டருக்குள் அனுமதியில்லாமல் டிரோன் பறக்கவிடக் கூடாது. அது பொம்மை எடையில் இருந்தாலும் இதே விதிதான். ஆங் மோ கியோவின் வடக்குப் பகுதி சிலேத்தார் விமான நிலையத்தின் அந்த வட்டத்துக்குள் வருகிறது. அந்த ஆண்டு ஜூனில்தான் யாரோ பறக்கவிட்ட டிரோன்களால் சாங்கி விமான நிலையத்தில் ஓர் ஓடுபாதையை விட்டுவிட்டு மூடி, 37 விமானங்கள் தாமதமாகியிருந்தன. ஊரே அதைப் பேசிக்கொண்டிருந்தது. வட்டத்துக்கு வெளியே திறந்தவெளி என்று பார்த்தால் எங்கும் ஆட்கள். கெபுன் பாரு பக்கம் பறவைப் பாட்டுக்காரர்கள் கூடும் இடம் ஒன்று உண்டு. காலையில் சீன, மலாய்ப் பெரியவர்கள் தங்கள் மெர்போக் புறாக்களைக் கூண்டோடு கொண்டுவந்து உயர்ந்த கம்பங்களில் கயிற்றால் ஏற்றிவிட்டு, கீழே அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தப் பக்கம் இந்த இரைச்சலைக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. ஆகவே வாரத்துக்கு ஒருமுறை, வீட்டுக் கூடத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம். அவ்வளவுதான் எங்கள் டிரோன் வாழ்க்கை.

2020 ஏப்ரல் 7-ஆம் தேதி எல்லாம் மாறியது. கொவிட் பரவலைத் தடுக்க 'சர்க்கிட் பிரேக்கர்' என்ற முடக்கம் நடப்புக்கு வந்தது. மறுநாள் முதல் பள்ளிப் பாடங்கள் வீட்டிலிருந்தே. நான் மின்தூக்கிப் பராமரிப்பில் இருப்பவன். அடுக்குமாடி வீடுகளில் மின்தூக்கி நின்றுவிட்டால் முதியவர்கள் மாட்டிக்கொள்வார்கள் என்பதால் எங்கள் வேலை அத்தியாவசியச் சேவை. நான் வெளியே போய்வந்தேன். அம்மா, மனைவி, மகன் மூன்று பேரும் நாள் முழுவதும் வீட்டுக்குள். மாலை ஐந்து மணிக்கு மேல் மகனுக்கு இருந்த ஒரே ஓட்டம் அந்த டிரோன்தான். வாரத்துக்கு ஒருமுறை என்பது நாளுக்கு மூன்று முறை ஆனது.

தினமும் பறக்கவிட்டபோதுதான் காப்பின் அருமை புரிந்தது. காப்பில்லாத விசிறி சுவரில் பட்டால் விசிறி நின்றுவிடும், டிரோன் கல்போல் விழும். காப்பு இருந்தால் பிறை வளைவு சுவரைத் தொட்டு, கொஞ்சம் வளைந்து, டிரோனைத் திருப்பித் தள்ளிவிடும். சோபா முதுகு, அலமாரி விளிம்பு, சாப்பாட்டு மேசைக் கால் என்று எதில் இடித்தாலும் 'டப்' என்ற ஓசையோடு பிழைத்துக்கொண்டது. ஆனால் எதிலெல்லாம் காப்பு உதவாது என்பதையும் கண்டோம். திரைச்சீலை பக்கத்தில் போனால் விசிறி காற்றை மேலிருந்து இழுக்கும். துணி உள்ளே போய்ச் சுற்றிக்கொள்ளும். பக்கவாட்டுக்குத்தான் காப்பு, மேலும் கீழும் திறந்தே கிடக்கிறது. திரைச்சீலையை முடிந்து போட்டோம். மனைவி கூந்தலைக் கட்டிக்கொண்டாள். அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டார்.

இன்னொன்றையும் மகனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். கவ்வி பாதி உட்கார்ந்திருந்தால் காப்பு சரிந்து விசிறி நுனியைத் தொடும். கண்ணுக்குத் தெரியாது. அதனால் பொத்தானை அழுத்தும் முன் ஒவ்வொரு விசிறியையும் விரலால் ஒரு சுற்று மெல்லத் தள்ளிப் பார்க்கவேண்டும். எங்காவது உரசினால் காப்பைக் கழற்றி மறுபடி மாட்டவேண்டும். நான்கு விசிறி, நான்கு சுற்று. என் வேலையில் கற்றது இது. அவன் தவறாமல் செய்தான்.

தவறியவன் நான்.

ஒரு வெள்ளிக்கிழமை டிரோன் சன்னல் கம்பியில் வேகமாக மோதி, ஒரு காப்பின் கவ்விப்பல் முறிந்தது. ஒட்டினேன், நிற்கவில்லை. கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. மறுநாள் மாலை மகன் கேட்டான்.

“மூணு இருக்கே அப்பா, போதும்ல?”

நான் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல், “மெதுவா ஓட்டு” என்றேன்.

இந்த டிரோன் ஓரிடத்தில் நிற்பது தரையைப் பார்த்துத்தான். வயிற்றுப் பக்கம் ஒரு சின்னக் கேமரா கீழே உள்ள கோடு, புள்ளி, திட்டுகளைப் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்கும். எங்கள் கூடத்தில் வெள்ளைப் பளிங்குத் தரை, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. பகலில் அம்மாவின் கோரைப்பாயை விரித்துவிடுவோம். பாயின் கோடுகளுக்கு மேல் அசையாமல் நிற்கும். அன்று பாய் விரிக்கவில்லை. நேரம் ஏழு ஆகப்போகிறது, அம்மா விளக்கேற்றுகிற நேரம் என்று இன்னும் கூடத்து விளக்கைப் போடவில்லை. மங்கிய வெளிச்சம், வழவழத் தரை. டிரோன் பிடிப்பில்லாமல் பூஜை அலமாரியை நோக்கி மிதந்து போனது. மகன் பதறி ஏதோ அழுத்தினான். அம்மா அப்போதுதான் ஏற்றிய திரி அணையக்கூடாதென்று கையை மறைப்பாக நீட்டினார். காப்பில்லாத மூலை அந்தக் கையில் போய் நின்றது.

சத்தம்கூடப் பெரிதாக இல்லை. கம்பு உடைவதுபோல் ஒரு 'டக்', அவ்வளவுதான். டிரோன் விழுந்தது. அம்மாவின் விரலிலிருந்து சொட்டுச் சொட்டாக அலமாரி விளிம்பில் இரத்தம். அம்மா கத்தவில்லை. முதலில் விளக்கைத்தான் பார்த்தார். “அணையல” என்றார். பிறகுதான் விரலைப் பார்த்தார். மகன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அவன் அழுவது வெளியே கேட்டது.

தையல் போடும் அளவுக்கு ஆழமில்லை. கழுவி, மருந்து போட்டுக் கட்டினோம். பத்து நாளுக்கு அம்மாவால் சின்ன வெங்காயம் உரிக்க முடியவில்லை, பூத் தொடுக்க முடியவில்லை. அம்மா யாரையும் திட்டவில்லை. ஒரே ஒரு முறை, மூன்றாம் நாள் மகனிடம் சொன்னார்: “காப்பு போடாம புள்ளைய வெளியில விடலாமாடா? அதுக்கு ஒண்ணும் ஆகாம இருக்கணும்னு மட்டும் இல்ல, அதால அடுத்தவங்களுக்கு ஒண்ணும் ஆகாம இருக்கணும்ல?”

அன்று திங்கட்கிழமை. ஒரு புளோக்கின் உச்சியில், மின்தூக்கி இயந்திர அறையில் நின்றுகொண்டிருந்தேன். வடம் ஓடும் பெரிய கப்பிக்கு மேல் மஞ்சள் வண்ணம் பூசிய இரும்பு மூடி இருக்கும். அதைக் கழற்றிய நிலையில் இயந்திரத்தை ஓட்டவே கூடாது. சிங்கப்பூரில் 2006 மார்ச்சில் நடப்புக்கு வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வருவதற்கு முன்பிருந்தே இந்தத் தொழிலில் இருக்கிறேன். புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதல் நாள் நான் சொல்லும் பாடமே, சுழல்கிற எதற்கும் மூடி வேண்டும் என்பதுதான். ஒரு திருகு குறைந்தாலும் 'ஓட்டாதே' என்று கை காட்டுகிறவன், என் வீட்டுக் கூடத்தில், என் தாய்க்குப் பக்கத்தில், மூடி இல்லாத விசிறியை ஓட்ட விட்டேன். சின்னது என்பதால் அது எனக்கு இயந்திரமாகத் தெரியவில்லை. அந்த அறையில் அந்த மஞ்சள் மூடியைத் தொட்டுக்கொண்டு நின்ற நேரம் எனக்கு மறக்காது.

அதன்பின் தேடிப் படித்தேன். 2015 மே மாதம் மெக்சிகோவின் திஹுவானாவில், பாடகர் என்ரிக்கே இக்லேசியாஸ் மேடையில் பறந்துகொண்டிருந்த டிரோனைக் கையால் பிடிக்கப்போய் விரல்களைக் கிழித்துக்கொண்டார். அதே ஆண்டு இங்கிலாந்தில், ஒரு வீட்டுத் தோட்டத்தில் கட்டுப்பாடு இழந்து மரத்தில் பட்ட டிரோனின் விசிறி, நடை பழகும் வயதுக் குழந்தை ஒன்றின் கண்ணைப் பறித்துவிட்டது. அதைப் படித்த இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. மறுபக்கமும் உண்டு. 2017 தேசிய தின அணிவகுப்பில் மரினா பே வானத்தில் 300 டிரோன்கள் விளக்கெரித்து உருவங்கள் காட்டியதை நாங்கள் குடும்பத்தோடு பார்த்தோம். இன்டெல் நிறுவனத்தின் அந்த டிரோன்கள் ஒவ்வொன்றுக்கும் நுரையும், வளைந்துகொடுக்கும் பிளாஸ்டிக்கும் கலந்த உடல், விசிறிகளைச் சுற்றிக் கூண்டு. சுவிட்சர்லாந்தின் ஃபிளையபிலிட்டி நிறுவனம் டிரோன் முழுவதையும் ஓர் உருண்டைக் கூண்டுக்குள் வைத்து, ஆள் போக முடியாத தொட்டிகளையும் சுரங்கங்களையும் சோதிக்கிறது. அது சுவரில் இடித்துக்கொண்டே வேலை செய்யும். தொழில் தெரிந்தவர்கள் காப்பை அழகுக்கு மாட்டும் உபரிச் சாமானாக நினைக்கவில்லை.

காயம் ஆறுவதற்குள் மகன் நாலாவது காப்பைத் தானே செய்யப் புறப்பட்டான். உணவு வாங்கிவந்த பிளாஸ்டிக் டப்பாவின் விளிம்பை வெட்டி ஒரு வளையம். மனைவி கேக் செய்யப் பயன்படுத்தும் தராசில் வைத்துப் பார்த்தோம். பெட்டியில் வந்த காப்பு ஒன்று 2 கிராமுக்கும் குறைவு. இது 6 கிராம். மாட்டிப் பறக்கவிட்டதும் டிரோன் அந்த மூலையைத் தூக்க முடியாமல் உறுமியது. சுவரில் தொட்டவுடன் வளையம் உள்ளே மடங்கி விசிறியைப் பிடித்துக்கொண்டது. கனமாக இருந்தால் பறக்காது. மெலிந்து தொய்ந்தால் காப்பே விசிறியை அடிக்கும். கனமும் இல்லாமல் தொய்வும் இல்லாமல் ஒரு பொருள் வேண்டும். வீட்டுக்குள் தேடினால் எங்கே கிடைக்கும்?

எதிர்வீட்டு அங்கிளிடம் கிடைத்தது. கெபுன் பாருவுக்குத் தினமும் போகிறவர்களில் அவரும் ஒருவர். கூடக்கூடாது என்று ஆனதும், தன் மெர்போக்கைத் தாழ்வாரத்தில் தொங்கவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாவுக்கும் அவருக்கும் பாசார் மலாய் என்கிற சந்தை மலாயில் முப்பது ஆண்டுப் பழக்கம். இரும்புக் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முகக்கவசத்தோடு நின்று அம்மா விரலைக் காட்டிக் கதை சொன்னார். அவர் உள்ளே போய், கூண்டு பழுது பார்க்க வைத்திருந்த மூங்கில் ஈர்க்குகளில் நாலைந்தை எடுத்துவந்து எங்கள் கதவுக் கம்பியில் செருகிவிட்டுப் போனார். தீக்குச்சியைவிடக் கொஞ்சம் மெல்லியவை. கூண்டுக்காக இழைத்து வழுவழுப்பாக்கிய மூங்கில்.

கொதிநீரில் ஊறப்போட்டு, சின்ன மைலோ டின்னைச் சுற்றி வளைத்துக் கட்டி, இரண்டு நாள் காற்றாடிக்குக் கீழே உலர வைத்தோம். அவிழ்த்தபோது வளைவு அப்படியே நின்றது. முறிந்த காப்பின் அடிப்பாகத்தை வெட்டி எடுத்து, அதோடு ஈர்க்கின் இரு நுனியையும் அம்மாவின் பூத் தொடுக்கும் நூலால் இறுக்கச் சுற்றிப் பசை தடவினோம். பல் போன கவ்வி தானாக நிற்காது. மோட்டார்த் தண்டின் அடியில் அதே நூலால் நான்கு சுற்றுச் சுற்றி முடிந்தோம். விசிறி நுனிக்கும் மூங்கிலுக்கும் நடுவே ஐம்பது காசு நாணயம் உரசாமல் போகிறதா என்று சுற்றிவரப் பார்த்தான் மகன். தராசில் 3 கிராம். பாயை விரித்து, விளக்கையெல்லாம் போட்டு, அம்மா சமையலறையில் இருக்கும்போது பறக்கவிட்டோம். எழும்பி, நின்றது. அவன் வேண்டுமென்றே அந்த மூலையைச் சுவரில் கொண்டுபோய் இடித்தான். மூங்கில் உள்ளே போய், வெளியே வந்தது. டிரோன் ஒரு முழம் பின்னால் வந்து நின்றது. பறக்கும் நேரம் ஒரு நிமிடம் குறைந்திருக்கும். அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

என்னோடு வேலை செய்யும் ஒருவரிடம் மேவிக் மினி டிரோன் இருந்தது. 249 கிராம். 2020 பிப்ரவரியிலிருந்து 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோன்களைச் சிங்கப்பூரில் பதிவு செய்யவேண்டும்; அப்போது 15 வெள்ளிக்கு ஓர் அடையாள வில்லை வாங்கி ஒட்டவேண்டியிருந்தது, பதிவு செய்பவருக்குப் பதினாறு வயதாவது ஆகியிருக்க வேண்டும். ஒரு கிராம் வித்தியாசத்தில் அவர் தப்பித்திருந்தார். அம்மாவின் கதையைச் சொல்லி, “காப்பு மாட்டிக்கோங்க அண்ணே” என்றேன். “மாட்டினா 250-ஐத் தாண்டிடும், பதியணும், பறக்குற நேரமும் குறையும்” என்றார். எடை கூடினால் விழும்போது அடியும் கூடும். அதனால் சட்டம் எடையைக் கணக்கில் எடுக்கிறது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் காப்பைக் கழற்றினால் பதிவு வேண்டாம், மாட்டினால் வேண்டும் என்று ஒரு கோடு விழுந்துவிட்டால், மனிதர்கள் காப்பைத்தான் கழற்றுவார்கள். இந்தியாவின் 2021 டிரோன் விதிகளிலும் 'நானோ' வகைக்கு அதே 250 கிராம்தான் எல்லை. ஆட்களுக்கு நடுவே பறக்கும் சின்ன டிரோன்களுக்குக் காப்பின் எடையைக் கணக்கிலிருந்து விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். அண்ணன் கடைசியில் பதிந்தார், மாட்டினார். அவர் வீட்டில் இரண்டு வயதுப் பேத்தி இருந்தாள்.

ஜூன் 19-ஆம் தேதி கடைகள் திறந்தன. முதல் சனிக்கிழமையே சிம் லிம் டவருக்குப் போய் நான்கு காப்பு கொண்ட பொட்டலம் இரண்டு வாங்கினேன். ஒன்று மாட்ட, ஒன்று கையிருப்பு. மூங்கில் காப்பை மகன் எதிர்வீட்டு அங்கிளிடம் கொண்டுபோய்க் காட்டினான். அவர் அதை வெகுநேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நூல் சுற்றியது நன்றாக இருக்கிறது என்றார். நூல் சுற்றியது அம்மா, கட்டுப் போட்ட விரலோடு.

இதைப் படிக்கிறவர்களில் யார் வீட்டிலாவது ஒரு காப்பு முறிந்து மூன்றோடு ஒரு டிரோன் இருக்கலாம். பிள்ளைகள் மூன்று போதுமா என்று கேட்பார்கள். நாலாவது வாங்கி மாட்டும்வரை அதைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.